நண்டு ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிற மகளும், கவலைப்படுகிற பெற்றோரும்

கடல் உயிரியலில் எம்.எஸ்ஸி. முடிக்கப்போகும் மகள், அடுத்து நண்டில் பிஎச்.டி. செய்யப்போவதாகச் சொல்கிறாள். நண்டை ஆராய்ந்து பிழைப்பு ஓடுமா என்று கேட்கிறீர்கள். ஓடும். ஆனால் பட்டம் மட்டும் ஓட்டாது. கையில் வந்த உயிரினம் எந்த இனம் என்று ஆதாரத்தோடு சொல்லவும், அது ஓடு உரித்து வளரும்வரை தொட்டியில் உயிரோடு வைத்திருக்கவும் தெரிந்தவருக்குத்தான் இந்தத் துறையில் வேலை நிலைக்கிறது. அவர் எழுதும் கட்டுரைகள் அந்தத் திறமைக்குச் சாட்சி. சாட்சி பொய்யாக இருந்தால் பிறகு எதுவும் உதவாது. அதனால்தான் எங்கே சேர்வது என்பதற்குக் கொடுக்கும் இடத்தைவிட, எப்படி ஆராய்வது, எங்கே வெளியிடுவது என்பதற்கு இங்கே கூடுதல் இடம் கொடுக்கிறோம்.

முதலில் பணம். சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் எஸ்.ஆர்.எஃப். என்ற முதுநிலைக்கு உயர்ந்ததும் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இது 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள தொகை. உதவித்தொகை இல்லாமல் பிஎச்.டி. சேர்வதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மாதாமாதம் கடற்கரைக்குப் போய் மாதிரி வாங்கவே கைக்காசு கரையும். குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள் என்பது பிஎச்.டி.க்கான யு.ஜி.சி.யின் 2022 விதி. அதில் பாதிக் காலத்தைப் பணக்கவலையில் கழிப்பது கொடுமை.

தேர்வில் கடல் உயிரியல் மாணவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதும் தெரிந்ததே. உயிர் அறிவியல் தாளில் மொத்தம் 200 மதிப்பெண். அதில் சி பகுதிக்கு மட்டும் 100. எழுபத்தைந்து கேள்விகளில் இருபத்தைந்துக்கு விடை எழுதினால் போதும், ஒவ்வொன்றும் நான்கு மதிப்பெண். அங்கே வருவது உயிர்வேதியியல், மூலக்கூறு உயிரியல், மரபியல், சூழலியல், பரிணாமம். நண்டும் இறாலும் தேடினாலும் கிடைக்காது. உங்கள் மகள் சூழலியல், பரிணாமம், விலங்கு உடலியங்கியல், ஆய்வு முறைகள் ஆகியவற்றை முழுப்பலத்தோடு பிடித்துக்கொண்டு, மூலக்கூறு பகுதியில் பாதியையாவது கற்றால் கரையேறலாம். தவறான விடைக்குக் கால்பங்கு கழிவு உண்டு என்பதால் ஊகித்து நிரப்பக்கூடாது.

இடங்களைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அதிர்ஷ்டம் உண்டு. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுக் கழிமுகத்தை ஒட்டி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. சென்னையில் இறாலுக்கும் நண்டுக்கும் தனிப்பிரிவு வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், 'சிபா'. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையங்கள். சீர்காழிப் பக்கம் ராஜீவ் காந்தி மீன்வளர்ப்பு மையம் களி நண்டுக் குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: மீன்வளப் பல்கலைக்கழகத்தின் எம்.எஃப்.எஸ்ஸி. என்ற மீன்வள முதுநிலைப் படிப்புக்கு, அதன் இளநிலையான நான்காண்டு பி.எஃப்.எஸ்ஸி. படித்தவர்களே போக முடியும். விலங்கியல் பட்டதாரிக்கு அந்த வாசல் இல்லை. இன்னும் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால், அங்கேயே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

இனி, தலைப்புத் தேர்வு. பாதி பிஎச்.டி.கள் இங்கேதான் விழுகின்றன.

களி நண்டை எடுத்துக்கொள்வோம். சில்லா என்ற பேரினத்தில் நான்கு இனங்கள் உண்டு என்று 1998இல் கீனன், டேவி, மான் மூவரும் வெளியிட்ட மறுஆய்வு தெளிவாக்கியது. அவற்றில் ஒன்றின் பெயரிலேயே நம் தரங்கம்பாடி இருக்கிறது: சில்லா ட்ராங்குபாரிகா, 1798இல் ஃபாப்ரிசியஸ் சூட்டியது. ஆனால் நம் நாட்டுப் பழைய கட்டுரைகளில் சில்லா செராட்டா என்று எழுதப்பட்டவற்றில் பல, உண்மையில் சில்லா ஒலிவேசியா. அதேபோல் ட்ராங்குபாரிகா என்று எழுதப்பட்டவற்றில் பல, செராட்டா. இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள நெற்றிப் பற்கள் உயர்ந்து கூராக இருந்து, இடுக்கிக்காலின் கார்ப்பஸ், அதாவது மணிக்கட்டுப் போன்ற கண்டத்தின் வெளிப்பக்கம் இரண்டு முட்கள் தெளிவாக இருந்து, எல்லாக் கால்களிலும் பலகோண வலைக்கோலம் இருந்தால் செராட்டா. நெற்றிப் பற்கள் தாழ்ந்து உருண்டு, வெளிமுள் மழுங்கி, வலைக்கோலமே இல்லாமல் இருந்தால் ஒலிவேசியா. இரண்டுக்கும் நடுவான நெற்றி, இரண்டு முட்கள், கடைசி இரண்டு கால் ஜோடிகளில் மட்டும் தெளிவான வலைக்கோலம் என்றால் ட்ராங்குபாரிகா. இதைப் பார்க்காமல் பழைய கட்டுரையில் இருந்த பெயரை அப்படியே எழுதிவிட்டு வளர்ச்சி, இனப்பெருக்கம், நோய் எதிர்ப்பு என்று மூன்று ஆண்டு உழைத்தால், எந்த இனத்தைப் பற்றி உழைத்தோம் என்றே தெரியாது.

நீலக்கால் நண்டிலும் இதே கதை. போர்ட்யூனஸ் பெலாஜிகஸ் என்று எல்லோரும் எழுதிவந்த ஒரே பெயரை 2010இல் லாய், இங், டேவி நான்கு இனங்களாகப் பிரித்தார்கள். அதில் போர்ட்யூனஸ் ரெட்டிகுலேட்டஸ் நம் கிழக்குக் கரைக்குரியது. 2010க்குப் பிறகும் கேள்வி கேட்காமல் பெலாஜிகஸ் என்று எழுதி இதழுக்கு அனுப்பினால், கட்டுரையைச் சரிபார்க்கும் நல்ல மதிப்பீட்டாளர் முதல் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார்.

அடுத்த பொறி, கிடைக்காத மாதிரி. களி நண்டின் முட்டைத்திறன் பற்றி ஆராய்வேன் என்று கழிமுக மீனவரிடம் போய் நிற்கும் மாணவர்கள் உண்டு. முட்டை சுமக்கும் பெண் களி நண்டுகள் முட்டையிடக் கடலுக்குப் போய்விடுகின்றன. கழிமுக வலையில் அபூர்வமாகத்தான் விழும். அந்தத் தலைப்புக்கு நீலக்கால் நண்டு ஏற்றது, பாக் நீரிணையில் முட்டைப் பெண்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் எந்த முட்டைக்கொத்தை எண்ணுவது என்பதிலும் தப்பு நடக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் உள்ள இளம் முட்டைகளையே எண்ண வேண்டும். சாம்பல், கறுப்பு நிறத்துக்கு வந்த கொத்தில் ஏற்கெனவே ஒரு பங்கு உதிர்ந்திருக்கும், கணக்கு குறையும். கொத்து முழுவதையும் எடை போட்டு, வெவ்வேறு இடங்களிலிருந்து மூன்று சிறு பங்குகளை எடுத்து எண்ணி, பெருக்கிக் கணக்கிடுவதுதான் முறை.

எந்த அளவில் நண்டு முதிர்ச்சி அடைகிறது என்பதும் பலருக்குப் பிடித்த தலைப்பு. இறங்குதளத்தில் ஏலத்துக்கு வரும் நண்டுகளை மட்டும் அளந்தால் சிறியவை வலைக்கண் வழியாகத் தப்பியிருக்கும், எந்த அளவில் எத்தனை பங்கு முதிர்ந்தவை என்று காட்டும் வளைகோட்டின் கீழ்ப்பாதியே இருக்காது. சிறியவற்றைத் தனியே பிடிக்கவோ, கரைவலைக் கழிவிலிருந்து வாங்கவோ வழி செய்துகொள்ள வேண்டும். ஓட்டின் அகலத்தைப் பக்க முட்களோடு அளப்பதா, முட்கள் இல்லாமலா என்பதை முதல் நாளே முடிவு செய்து நோட்டில் எழுத வேண்டும். கால் இழந்த நண்டு எடைக்கணக்கில் வரக்கூடாது. புதிதாக ஓடு உரித்த 'தண்ணீர் நண்டும்' அப்படியே, அதன் உடம்பில் இருப்பது சதையைவிடத் தண்ணீரே அதிகம். பன்னிரண்டு மாதம் இடைவிடாமல் மாதிரி எடுக்க வேண்டும், மீன்பிடித் தடைக்காலத்திலும் மாற்று வழி வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இழுவைப்படகுகள் போகா. இதை மறந்து திட்டம் போட்டவர்களின் வரைபடத்தில் இரண்டு மாதம் ஓட்டையாகவே இருக்கும். நாட்டுப்படகு மீனவர்களிடம் முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆய்வகப் பரிசோதனையில் மிக அதிகமாக நிராகரிப்பு வாங்கித் தரும் பிழை ஒன்று இருக்கிறது. மூன்று வகைத் தீவனம், ஒவ்வொன்றுக்கும் ஒரு தொட்டி, தொட்டிக்கு 30 குஞ்சுகள் என்று வைத்துவிட்டு, மாதிரி எண்ணிக்கை 30 என்று எழுதுகிறார்கள். தொட்டியின் தண்ணீர், காற்றூட்டம், ஒரு பெரிய நண்டின் ஆதிக்கம் எல்லாம் அந்த முப்பதுக்கும் பொது. ஆகவே எண்ணிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு தீவனத்துக்கும் குறைந்தது மூன்று, முடிந்தால் நான்கு தனித்தனித் தொட்டிகள் வேண்டும், எந்தத் தொட்டிக்கு எது என்பதைச் சீட்டுப்போட்டு முடிவு செய்ய வேண்டும். நண்டுகள் ஒன்றையொன்று தின்னும் என்பதால் தனித்தனிப் பெட்டியில் வளர்ப்பது இன்னும் நல்லது. ரத்தநீர் எடுக்கும் சோதனையென்றால், ஓடு உரிப்பதற்கு முன்னும் பின்னும் அதன் வேதியியல் தலைகீழாக மாறும். ஒரே உரிப்பு நிலையில் உள்ளவற்றை மட்டுமே ஒப்பிடலாம். கால் அடிமூட்டின் மென்சவ்வு வழியாக ஊசி போட்டு எடுக்கும்போது உறைதல் தடுப்பான் சிரிஞ்சில் முன்பே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எடுத்த சில நொடிகளிலேயே கட்டியாகிவிடும்.

மாதிரியைப் பாதுகாப்பது அற்பமாகத் தெரியும், ஆனால் எல்லாம் அதில்தான் நிற்கிறது. உயிருள்ள நண்டை நேராகச் சாராயத்தில் போட்டால் அது கால்களைக் கழற்றிவிடும். முதலில் பனிக்கட்டியில் மரத்துப்போகச் செய்ய வேண்டும். டி.என்.ஏ.வுக்காக ஒரு காலின் சதையைத் தனியே வெட்டி 95 சதவீத எத்தனாலில் போட்டு, மறுநாள் எத்தனாலை மாற்றி, உறைபெட்டியில் வைக்க வேண்டும். உடலை 70 சதவீதத்தில் வைக்கலாம். தடித்த ஓட்டுக்குள் சாராயம் புகாது என்பதால் பெரிய நண்டுக்கு மூட்டு வழியே ஊசியால் செலுத்த வேண்டும். ஃபார்மலினில் போட்டால் டி.என்.ஏ. சிதையும், ஃபார்மலின் புளிப்பேறினால் ஓட்டின் சுண்ணாம்பும் கரையும்.

ஒரு மரபணுத் துண்டின் வரிசையை வைத்து இனத்தை அறியும் டி.என்.ஏ. பார்கோடு செய்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்கக்கூடாது. சுமார் 658 எழுத்து நீளமுள்ள சி.ஓ.ஐ. மரபணுத் துண்டைத்தான் பொதுவாகப் பார்க்கிறார்கள். ஓட்டுடலிகளில் இந்த மரபணுவின் செயலற்ற நகல்கள் உட்கருவுக்குள் ஒளிந்திருப்பதும், டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறை அவற்றைப் பெருக்கித் தருவதும் உண்டு. வரிசையைப் புரதமாக மொழிபெயர்த்து, நடுவில் புரதம் முடிந்தது என்று காட்டும் நிறுத்தக் குறியீடு வருகிறதா என்று பார்த்தால் பல நகல்கள் மாட்டிக்கொள்ளும். அப்போது முதுகெலும்பற்றவற்றின் மைட்டோகாண்ட்ரியக் குறியீட்டு அட்டவணையை, அதாவது ஐந்தாம் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கமான அட்டவணையில் பார்த்தால் டி.ஜி.ஏ. என்ற மூன்றெழுத்து வரும் இடமெல்லாம் நிறுத்தம் போலத் தோன்றி, நல்ல வரிசையையும் குப்பை என்று எறிய நேரும். மரபணு வரிசைகளின் பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்கில் 99 சதவீதம் ஒத்துப்போகிறது என்பதும் முடிவான சான்று ஆகாது. அங்கே பெயரிட்டவரும் தவறியிருக்கலாம்.

வெளியிடும் இடம் பற்றி இப்போது. நண்டு, இறால் ஆய்வாளர்களின் சொந்த வீடு என்று சொல்லத்தக்கவை, 1960 முதல் வரும் 'க்ரஸ்டேசியானா'வும், 1981இல் தொடங்கிய 'ஜர்னல் ஆஃப் க்ரஸ்டேசியன் பயாலஜி'யும். வகைப்பாட்டுக்கு 'ஜூடாக்ஸா'. அங்கே திறந்த அணுகலைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஆசிரியர் பணம் கட்ட வேண்டியதில்லை. நம் நாட்டில் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிஷரீஸ்', இந்தியக் கடல் உயிரியல் சங்கத்தின் இதழ் இரண்டும் முதல் கட்டுரைக்கு நல்ல, மதிப்பான இடங்கள். உள்ளூர் இதழ் என்று தாழ்வாக எண்ண வேண்டாம். இந்த இனங்களையும் கடற்கரையையும் அறிந்த மதிப்பீட்டாளர்கள் அங்கே கிடைக்கிறார்கள்.

ஏழு நாளில் வெளியிடுகிறோம், இத்தனை ஆயிரம் அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடச் சொல்லுங்கள். உண்மையான மதிப்பீட்டுக்கு மாதக்கணக்கில் ஆகும். ஏற்கத்தக்க இதழ்களைக் காட்டிய யு.ஜி.சி.யின் 'கேர்' பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டதால், இதழ் நல்லதா என்று பார்க்கும் பொறுப்பு முழுக்க மாணவரிடமும் வழிகாட்டியிடமும் வந்துவிட்டது. பெயர்பெற்ற இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு. ஆகவே தேடுபொறியில் முதலில் வரும் முகவரியை நம்பாமல் பதிப்பகத்தின் பக்கம் வழியாகவே உள்ளே போக வேண்டும். ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை கட்டாயம் என்ற விதியை யு.ஜி.சி. 2022இல் எடுத்துவிட்டது. பல்கலைக்கழகங்கள் தாங்களாகவே வைத்துக்கொள்ளலாம் என்பதால் சேரும் இடத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவசரத்துக்கு மோசமான இதழில் போட்ட கட்டுரை, பிறகு நேர்காணலில் எதிரே வந்து நிற்கும்.

புதிய இனம் கண்டுபிடித்துவிட்டதாக மகள் ஓடிவரும் நாளும் வரலாம். அப்போது ஒரு மாதிரியை ஹோலோடைப், அதாவது அந்தப் பெயருக்கு அடையாளமான மாதிரி என்று குறித்து, அருங்காட்சியகத்தில் ஒப்படைத்து, எண் வாங்க வேண்டும். உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002இன் 39ஆம் பிரிவுப்படி, புதிய இனத்தின் சான்று மாதிரி இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் போன்ற அறிவிக்கப்பட்ட களஞ்சியத்துக்குப் போயாக வேண்டும். மின்வடிவில் மட்டும் வரும் இதழானால் வெளியீட்டுக்கு முன்பே விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயரே செல்லாது. மாதிரியை வெளிநாட்டு ஆய்வாளருக்குத் தபாலில் அனுப்பிவிடுவது பெரிய தவறு. தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் விதிகளை முதலில் பார்க்க வேண்டும், அதன் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காத் தீவுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு நண்டையும் எடுக்கக்கூடாது.

பிஎச்.டி.க்குப் பின் எல்லோரும் விஞ்ஞானி ஆகிவிட முடியாது, இடங்கள் சில, போட்டியிடுவோர் பலர். ஆனால் பி.சி.ஆர். மூலம் வெண்புள்ளி வைரஸும் இ.எச்.பி. என்ற இறால் ஒட்டுண்ணியும் சோதிக்கத் தெரிந்தவரை வெனாமி இறால் குஞ்சு பொரிப்பகங்களும் தீவன நிறுவனங்களும் ஏற்றுமதி ஆய்வகங்களும் தேடுகின்றன. களி நண்டில் சோயியா என்ற ஐந்து இளம் புழு நிலைகளையும் அடுத்து வரும் மெகலோபா நிலையையும் தாண்டிக் குஞ்சைக் கரைசேர்க்கத் தெரிந்தவர் இன்னும் அரிது. ஆகவே எந்தத் தலைப்பானாலும், ஆண்டுக்கு ஒரு மாதமாவது ஒரு பொரிப்பகத்தில் கையை நனைக்கச் சொல்லுங்கள்.

சேர்வதற்கு முன் அந்த ஆய்வகத்துக்கு மகளோடு நீங்களும் ஒருமுறை போய் வாருங்கள். வழிகாட்டியிடம் படித்த மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், முதல் பெயராக யார் பெயர் வந்தது, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள், இதில் கூச்சம் வேண்டாம். பிறகு மாதிரி அலமாரியைக் காட்டச் சொல்லுங்கள். குப்பியின் வெளியே மட்டும் ஒட்டிய சீட்டு ஈரத்தில் உரிந்துவிடும், பந்துமுனைப் பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். குப்பிக்குள்ளேயே தடித்த காகிதத்தில், பென்சிலால், பிடித்த இடமும் தேதியும் பிடித்தவர் பெயரும் எழுதியிருந்தால் அங்கே சேர்த்துவிடலாம்.