ஒவ்வொன்றும் சரி, எல்லாம் சேர்ந்தால்?

கேள்வி: சோப்பு, ஷாம்பு, பவுடர், பாடி ஸ்பிரே, ரூம் ஃப்ரெஷ்னர், ராத்திரி கொசுவர்த்திச் சுருள்... எல்லாவற்றிலும் ‘பாதுகாப்பானது’ என்றே போட்டிருக்கிறார்கள். ஒரே நாளில் இத்தனையும் உடம்பில் சேர்கிறதே, ஒன்றும் ஆகாதா? சுருளுக்குப் பதில் சாம்பிராணி போடலாமா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: எவ்வளவு வரை பாதுகாப்பு என்று அளவு பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு பொருளாகத்தான் பார்க்கிறார்கள். உங்கள் உடம்புக்கோ எல்லாம் ஒன்றாகவே வந்து சேர்கிறது. 2002-இல் லண்டனில் ஈஸ்ட்டரோஜன் என்ற பெண் ஹார்மோன் போல லேசாக வேலைசெய்யும் எட்டு ரசாயனங்களை எடுத்து, தனியாக விட்டால் எதுவுமே தெரியாத அளவில் கலந்தார்கள். கலவை அந்த ஹார்மோன் போல நன்றாகவே வேலை செய்தது. ஈஸ்ட் செல்லில் செய்த சோதனைதான், மனித உடம்பில் அல்ல. அதனால் பயந்துபோய் அலமாரியைக் காலி செய்ய வேண்டாம். வாசனைப் பொருட்களை மட்டும் முதலில் குறையுங்கள். லேபிளில் ‘பெர்ஃப்யூம்’ என்ற ஒரு சொல்லுக்குள் பல ரசாயனங்கள் அடங்கிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை: பாத்ரூம். கல்லூரி லேபில் அடர் ஆசிட்டை எடுக்க மாணவர்களைப் புகைபோக்கிக் கூண்டுக்கு அனுப்புவோம். வீட்டிலோ கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, மஞ்சள் கறை போகவில்லையே என்று அதன் மேலேயே டாய்லெட் ஆசிட்டை ஊற்றுகிறார்கள். உடனே குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். குந்தி உட்கார்ந்து தேய்ப்பவரின் மூக்கும் அங்கேதான் இருக்கிறது! டாய்லெட் ஆசிட்டில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக், பிளீச்சிங் பவுடரில் இருக்கும் ஹைப்போகுளோரைட் இரண்டும் பெயரில் ஒன்றுபோல இருந்தாலும் சேரவே கூடாதவை. பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். கண் எரிந்து இருமல் வந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவ நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள். மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம், அப்போது ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சரி, சுருளுக்கு வருவோம். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு கொளுத்துவதற்குக் கொசுவலையே மேல். சாம்பிராணியும் புகைதான் அம்மா. வெள்ளிக்கிழமை போடுங்கள், ஜன்னலைத் திறந்துவைத்து. சுருள் எரியும் அறையில் மட்டும் வேண்டாம்.