அந்தக் கையெழுத்து சம்பிரதாயம்தானா?

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். எனக்கு வயது 37. மின்பணியாளர், தொழிற்சாலைப் பராமரிப்பில் பதினோரு ஆண்டு அனுபவம். மனைவி, இரண்டு பிள்ளைகள். கனடாவுக்கு நிரந்தரமாக வந்துவிட வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. மதிப்பெண் அடிப்படையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் மத்திய அரசின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் என் மதிப்பெண் போதவில்லை. சஸ்காட்சவன் மாகாணத்தின் நாமினேஷன் (பரிந்துரை) கிடைத்தால் காரியம் முடிந்துவிடும் என்கிறார் முகவர். ‘அங்கே போய் இறங்குங்கள், ஒரு மாதம் இருங்கள், பிறகு டொராண்டோவுக்குப் போய்விடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்’ என்கிறார். என் அண்ணன் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறார். ஆனால் அந்த மாகாணத்தில்தான் வாழப்போவதாக விண்ணப்பத்தில் உறுதிகூறிக் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. அது வெறும் சம்பிரதாயமாம். வேலை தருவதாக ஒரு கடிதமும் வாங்கித் தருகிறாராம், அதற்குத் தனிக் கட்டணம். என் மனம் ஒப்பவில்லை. நீங்கள் அதே மாகாணத்தில் இருப்பவர் என்பதால் கேட்கிறேன்: அந்தக் கையெழுத்து சம்பிரதாயம்தானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த வேலைக் கடிதம். அதை வாங்காதீர்கள். வேலை பிடித்துத் தருவதற்குத் தொழிலாளியிடம் பணம் வாங்குவது சஸ்காட்சவனில் சட்டவிரோதம். கடிதம் போலி என்று தெரியவந்தால் கனடாவின் குடிவரவுச் சட்டம் 40ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகளுக்கு நீங்கள் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வயதுக்கான மதிப்பெண் 30இல் இறங்கத் தொடங்கி 45இல் ஒன்றுமில்லாமல் போகும். உங்களுக்கு ஐந்து ஆண்டு என்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முகவருக்கு அதில் எந்த இழப்பும் இல்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு இந்த விண்ணப்பங்களைக் கையாள வழக்கறிஞர், உரிமம் பெற்ற ஆலோசகர் போன்ற சிலருக்கு மட்டுமே அனுமதி உண்டு. அவருடைய உரிம எண்ணைக் கேளுங்கள். ஆலோசகர்களின் பெயர்கள் பொதுப் பதிவேட்டில் இருக்கின்றன. உரிமம் இல்லாதவரோடு மேற்கொண்டு பேச வேண்டாம்.

இனி கையெழுத்து. நானும் இதே வழியில் 2010இல் சஸ்காட்சவனின் தலைநகர் ரெஜைனாவுக்கு வந்தவன். அந்தத் தாளில் நானும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

மாகாணம் உங்களுக்கு நிரந்தர வசிப்புரிமை தருவதில்லை. ‘இவர் எங்களுக்கு வேண்டியவர்’ என்று மத்திய அரசிடம் பரிந்துரைக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பரிந்துரைக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் 600 மதிப்பெண். மொத்தமே 1,200 என்னும்போது அதன் எடை புரியும். எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு வெளியே, மத்திய அரசின் அந்த மதிப்பெண் போட்டி இல்லாத இன்னொரு வழியும் உண்டு. அதில் காத்திருப்பு கூடுதல். எந்த வழியானாலும், பரிந்துரைத்த மாகாணத்தில் வாழும் எண்ணம் விண்ணப்பதாரருக்கு இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதியே சொல்கிறது. ஆகவே அந்த எண்ணமும் தகுதிகளில் ஒன்று. உங்கள் மொழித் தேர்வு மதிப்பெண்ணைப் பொய்யாக எழுதுவீர்களா? மாட்டீர்கள். இதுவும் அதே தாளில்தான் இருக்கிறது. விமான நிலையத்தில் இறங்கும்போதுகூட அதிகாரி கேட்கலாம், எங்கே போகிறீர்கள் என்று.

முகவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன். நிரந்தர வசிப்புரிமை கைக்கு வந்தபின், கனடாவின் 1982ஆம் ஆண்டு உரிமைகள் சாசனம் 6ஆம் பிரிவின்படி நீங்கள் எந்த மாகாணத்திலும் வசிக்கலாம், பிழைக்கலாம். இத்தனை ஆண்டுகள் இங்கேதான் இருக்க வேண்டும் என்று யாரும் கட்டிப்போட முடியாது. நேர்மையாக வந்து, வேலை தேடி, கிடைக்காமல் வெளியேறியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வார்கள்? நான் பேசுவது, கையெழுத்திடும்போதே டொராண்டோவுக்கு டிக்கெட் பார்த்துவைத்திருப்பவர்களைப் பற்றி.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். ரெஜைனாவிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு சிற்றூர். அங்கே விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்த பெரியவர், நம்மவர் ஒருவருக்கு வேலைவாய்ப்புக் கடிதம் கொடுத்தார். அது உண்மையான கடிதம், உண்மையான வேலை. அவர் வந்து சேரப் பெரியவர் பதினான்கு மாதங்கள் காத்திருந்தார். குடும்பம் வந்து சேர்ந்தபோது உதவிக்கு என்னை அழைத்தார்கள், போனேன். வாடகைக்கு ஒரு சிறிய வீட்டைப் பெரியவரே பேசி முடித்திருந்தார். குழந்தைக்கு ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருந்தார். மெத்தையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தார். பிரிப்பது குழந்தைக்குப் பிடிக்கும் என்றார்.

பதினேழாம் நாள் அந்தக் குடும்பம் டொராண்டோ போய்விட்டது. வீட்டுச் சாவியைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து இன்னொருவருக்காக அதே பெரியவரிடம் கேட்டேன். கெட்டிக்கார வெல்டர், குடும்பத்தோடு வந்து தங்கிவிடத் தயாராக இருந்தவர். பெரியவர் கோபப்படவில்லை. “வேண்டாம், இனி வெளியிலிருந்து ஆள் எடுப்பதில்லை” என்று மட்டும் சொன்னார். அந்த வெல்டருக்கு அந்தக் கதவு ஏன் மூடியது என்று கடைசிவரை தெரியாது. ‘எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்’ என்ற வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது, தம்பி.

இந்த மாகாணப் பரிந்துரைத் திட்டம் எதற்காக வந்தது என்பதையும் பாருங்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் டொராண்டோ, வான்கூவர், மாண்ட்ரியல் என்று மூன்று நகரங்களிலேயே இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், எங்களுக்கும் ஆட்கள் வேண்டும் என்று புல்வெளி மாகாணங்கள் கேட்டன. 1998இல் மானிட்டோபா தொடங்கியது. சஸ்காட்சவனும் அதே ஆண்டு மத்திய அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. மக்களைத் தங்கவைப்பதுதான் இதன் நோக்கமே.

இப்போது கதவு முன்பைவிட ஒடுங்கியிருக்கிறது. மாகாணப் பரிந்துரைகளுக்கான இடங்களை மத்திய அரசு 2025இல் பாதியாகக் குறைத்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் சஸ்காட்சவனுக்கு ஒதுக்கப்பட்டவை 3,625 மட்டுமே. அவற்றிலும் முக்கால் பங்கு ஏற்கெனவே கனடாவுக்குள் தற்காலிக அனுமதியில் இருப்பவர்களுக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனை வேறு. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. அதனால் முகவர் சொல்லும் பழைய கதைகளை நம்பாமல், விண்ணப்பிக்கும் வாரத்தில் மாகாண அரசின் அறிவிப்பை நீங்களே படியுங்கள். உங்களைப் போன்ற கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு இன்னும் இடம் இருக்கிறது, ஆனால் உண்மையான முதலாளி ஒருவர் தேவைப்படலாம். அந்தப் பெரியவரைப் போன்ற ஒருவர்.

உங்கள் தொழிலைப் பற்றி ஒன்று. மின்பணி இங்கே கட்டாயச் சான்றிதழ் கேட்கும் தொழில். பதினோரு ஆண்டு அனுபவம் இருந்தாலும், மாகாணத்தின் தொழிற்சான்று ஆணையத்தில் பதிவு செய்யாமல் வயரைத் தொட முடியாது. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்திலும் பெரும்பாலும் அப்படித்தான்; ஆக, ஸ்கார்பரோவுக்குப் போனதும் அண்ணன் வீட்டிலிருந்து நேரே வேலைக்குப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். தேர்வு எழுதி ரெட் சீல் முத்திரை பெற்றுவிட்டால் அது எல்லா மாகாணங்களிலும் செல்லும். செய்த வேலைகளின் விவரத்தை, மணிக்கணக்கு உட்பட, பழைய முதலாளிகளிடமிருந்து இப்போதே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வந்தபின் வாங்குவது படாத பாடு.

வாழ முடியுமா என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். ரெஜைனாவின் மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பின்படி சுமார் இரண்டேகால் லட்சம். டிசம்பரில் காலை ஒன்பது மணியளவில் சூரியன் உதித்து மாலை ஐந்துக்குள் மறைந்துவிடும். பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி என்பது இங்கே செய்தியே அல்ல. நான் வந்திறங்கிய முதல் வாரம், நிறுத்தியிருந்த ஒவ்வொரு காரின் முன்புறமும் ஒரு மின்பிளக் நாக்கைப் போல வெளியே தொங்குவதைப் பார்த்தேன். மின்சாரக் கார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இரவில் எஞ்சின் உறைந்துவிடாமல் சூடேற்றும் கருவிக்கானவை அவை. குடியிருப்புகளில் காருக்குப் பக்கத்திலேயே ஒரு மின்முனை இருக்கும். தூங்கப் போகுமுன் செருகிவிட்டுப் போக வேண்டும். முதல் குளிர்காலத்தில் ஒருநாள் மறந்துவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரர் தன் நீட்சி வயரைக் கொண்டுவந்து என் காரில் செருகியிருந்தார். அதுவரை அவரோடு நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

தனிமையும் உண்டு. தமிழ் பேச ஆள் தேடிப் போக வேண்டும். அண்ணனைப் பார்க்க வேண்டுமானால் ஏறக்குறைய மூன்று மணி நேர விமானப் பயணம். இதெல்லாம் தெரிந்தும் இரண்டு குளிர்காலங்களை மனதாரக் கழித்துப் பார்ப்பேன் என்று உங்களால் சொல்ல முடிந்தால், கையெழுத்திடுங்கள். முதலாளியைத் தேட நானும் உதவுகிறேன். முடியாது என்றால், பிரெஞ்சு கற்று மதிப்பெண்ணைக் கூட்டுவது போன்ற வேறு வழிகளைப் பார்க்கலாம். அது மெதுவான வழிதான்.

இன்னொன்று. இவ்வளவு நீண்ட கடிதத்தில் உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள், குளிரைப் பற்றிய பகுதியைக் குறிப்பாக. அவர் சொல்வதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்