ரத்தப் புற்றுநோயில் பலிக்கும் இம்யூனோதெரபி கட்டிகளில் ஏன் திணறுகிறது? நானோ துகள்கள் கைகொடுக்குமா?

கைகொடுக்கும், ஆனால் பெரும்பாலோர் நினைக்கிற வழியில் அல்ல.

இம்யூனோதெரபி என்பது நம் உடலின் எதிர்ப்புச் சக்தியை, முக்கியமாக நோய்ச் செல்களைக் கொல்லும் வெள்ளை அணுக்களான டி செல்களை, புற்றின்மேல் ஏவிவிடும் சிகிச்சை. ரத்தப் புற்றுநோயில் டி செல்லும் புற்றுச் செல்லும் சந்திப்பது எளிது. கணையம், மார்பகம் மாதிரி உறுப்புகளில் வரும் கட்டியைச் சுற்றி நார்த்திசு இறுகிக் கிடக்கும், உள்ளே திரவ அழுத்தம் அதிகம், ஆக்சிஜன் குறைவு, போதாததற்கு டி செல்லை அடக்கும் வேறு செல்களையும் கட்டியே வரவழைத்து வைத்திருக்கும். டி செல்லின் பிரேக்கை விடுவிக்கிற பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்தைக் கொடுத்தாலும், உள்ளே டி செல்லே இல்லாதபோது என்ன பயன்?

சரி, நானோ துகளில் (கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய துகள்) மருந்தை ஏற்றி நேராகக் கட்டிக்கே அனுப்பலாமே என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். கட்டியின் ரத்தக்குழாய்கள் கசியும், அதன் வழியே துகள் உள்ளே போய்த் தங்கிவிடும் என்று 1986-ல் ஜப்பானில் மட்சுமுராவும் மயேதாவும் சொன்னதிலிருந்து இந்த நம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. 2016-ல் டொரண்டோ ஆய்வாளர்கள் அதுவரை வந்த விலங்குச் சோதனைகளைத் திரட்டிப் பார்த்தால், செலுத்திய துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுமதிப்பாக (மீடியன்) 0.7 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் வருகிறது. மண்ணீரலில்தான் டி செல்களுக்கு எதிரியை அடையாளம் காட்டும் டென்ட்ரிடிக் செல்கள் நிறைய இருக்கின்றன, அப்படியானால் துகள் அங்கே போவது நல்லதுதானே! அதே 2016-ல் ஜெர்மனியின் மைன்ஸ் நகர ஆய்வாளர்கள், எலிகளில், கொழுப்பும் ஆர்என்ஏவும் (செல்லுக்கு எந்தப் புரதத்தைச் செய்வது என்று சொல்லும் மூலக்கூறு) சேர்ந்த துகளில், இரண்டுக்குமான விகிதத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். துகளுக்கு நேர் மின்னூட்டம் (பாசிட்டிவ்) இருந்தால் நுரையீரலுக்குப் போனது, லேசான எதிர் மின்னூட்டம் (நெகட்டிவ்) இருந்தால் மண்ணீரலுக்குப் போனது. அவ்வளவுதான், இலக்கைத் தேடிப் பிடிக்கத் துகளின் மேலே ஆன்டிபாடி (குறிப்பிட்ட செல்லில் போய் ஒட்டும் புரதம்) ஒட்டக்கூடத் தேவைப்படவில்லை.

அந்த வகைத் துகளில்தான் பயோஎன்டெக் என்ற ஜெர்மன் மருந்து நிறுவனம் கணையப் புற்றுக்கான எம்ஆர்என்ஏ தடுப்பூசியைச் செய்தது; இது நோய் வராமல் தடுப்பதற்கல்ல, புற்றின் அடையாளத்தை டி செல்களுக்குக் காட்டிக்கொடுப்பதற்கு. நியூயார்க்கில் அறுவை செய்து எடுத்த கட்டியை ஜெர்மனிக்கு அனுப்பி, அந்த ஒருவருடைய கட்டியில் மட்டும் இருக்கும் மரபணு மாற்றங்களில் 20 வரை தேர்ந்தெடுத்து, அவருக்கென்றே தயாரிக்கிறார்கள். 2023-ல் வெளியான முதல் கட்டச் சோதனையில் ஊசி போட்டுக்கொண்ட 16 பேரில் 8 பேருக்கு அந்த மாற்றங்களை அடையாளம் காணும் டி செல்கள் கிளம்பின. மூன்று வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்தபோது அந்த 8 பேரில் 2 பேருக்குத்தான் நோய் திரும்பியிருந்தது, மற்ற 8 பேரில் 7 பேருக்குத் திரும்பிவிட்டது. கணையப் புற்று எவ்வளவு கொடியது என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

ஆனால் 16 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, கிட்டத்தட்ட எல்லோருக்கும் கூடவே கீமோவும் அட்டிசோலிசுமாபும் (பெம்ப்ரோலிசுமாப் போல பிரேக்கை விடுவிக்கும் மருந்து) கொடுத்திருந்தார்கள், கட்டியை முதலிலேயே வெட்டி எடுத்திருந்தார்கள். பரவி முற்றிய நோய்க்கு இதே பலன் வரும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டாம் கட்டச் சோதனையும் தொடங்கியிருக்கிறது.

வீட்டில் நோயாளி இருப்பதால் கேட்டிருந்தால் ஒன்று சொல்கிறேன். இந்தத் தடுப்பூசி கடையிலோ ஆஸ்பத்திரியிலோ விற்பனைக்கு வரவில்லை, சோதனைகளில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். "நானோ இம்யூனோதெரபி" என்று யாராவது பணம் கேட்டால், எந்தச் சோதனை, அதன் பதிவு எண் என்ன என்று கேட்டு, அதை உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டிவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.