கரையில் 4 கிலோ, கடலில் எத்தனை?

தீவுக்குப் போய் முக்குளிக்கக் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்ட ஒரு பிள்ளைக்குப் போன மாதம் நாலு வரி பதில் எழுதினேன். அதிலிருந்து வருகிற கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். பெஸ்தாரி ஜெயாவில், அதாவது பழையவர்களுக்குப் பத்தாங் பெர்ஜுந்தையில், நாலா பக்கமும் செம்பனை சூழ உட்கார்ந்துகொண்டு கடலடிச் சாமான்களைப் பற்றி எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருந்தார். அதில் மூன்று பக்கம் அவர் மாமனாரைப் பற்றியது.

கேள்வி: செம்பனை ஆலையில் வேலை செய்யும் நண்பர்கள் ஐந்து பேர் பெர்ஹெந்தியான் தீவுக்கு ஸ்கூபா முக்குளிப்பு கற்கப் போகிறோம். மிதக்காமல் மூழ்குவதற்கு இடுப்பில் கட்டும் ஈயக்கட்டி விலை கட்டுப்படியாகவில்லை. பால்மாவு டின்னில் சிமெண்டு ஊற்றி ஆளுக்கு 4 கிலோ நாங்களே செய்துகொள்ளலாமா அண்ணே? – புக்கிட் ரோத்தான்

பதில்: தம்பி, முதலில் நீங்கள் பணம் கட்டிய பயிற்சிக் கடைக்கு ஒரு போன் போடுங்கள். காற்று உருளை, இடுப்புப் பட்டை, ஈயம் எல்லாம் பெரும்பாலும் பயிற்சிக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அப்படியிருக்க, 20 கிலோ சிமெண்டைப் பேருந்தில் ஏற்றிக் கோல பெசுட் படகுத்துறை வரைக்கும் சுமக்கப் போகிறீர்களா? ஐந்து பேரில் ஒருவருக்குக் கூடவா கேட்கத் தோன்றவில்லை?

சரி, கேள்வி நல்ல கேள்வி என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். எந்தப் பொருளும் தண்ணீருக்குள் போனால், தான் விலக்கிய தண்ணீரின் எடை அளவுக்கு லேசாகிவிடும். ஈயம் ஒரு லிட்டர் அளவுக்கு 11 கிலோவுக்கு மேல் இருக்கும். காங்கிரீட் அதே அளவுக்கு ஏறக்குறைய 2.4 கிலோதான். அதனால் 4 கிலோ ஈயத்தைக் கடலில் இறக்கினால் 3.6 கிலோவாவது மிஞ்சும். 4 கிலோ சிமெண்டுக் கட்டி 2.3 கிலோவாகச் சுருங்கிவிடும். அந்த 4 கிலோ ஈயத்துக்கு ஈடுகட்ட 6 கிலோவுக்கு மேல் சிமெண்டு வேண்டும். இரண்டரை லிட்டருக்கும் பெரிய அந்த உருண்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்திப் பாருங்கள், அம்மிக்கல்லைக் கட்டியது மாதிரி இருக்கும். இரும்பு பரவாயில்லை, 4 கிலோவில் ஏறக்குறைய மூன்றரை நிற்கும். ஆனால் உப்புத் தண்ணீரில் துருவேறிப் பட்டையையும் சட்டையையும் நாசம் பண்ணும். மணலை டின்னில் போட்டு இறுக மூடினால் சிமெண்டைவிட மோசம். மணிகளுக்கு நடுவே காற்று மாட்டிக்கொள்கிறது, அந்தக் காற்று உங்களை மேலே தூக்கும்.

இது ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதிய சங்கதி இல்லை. ரப்பர் பால் ஸ்டோரில் வாளியை நிறுத்தால் மட்டும் போதாது என்றுதானே மெட்ரோலாக் என்ற மிதவையைப் பாலில் விட்டுப் பார்த்தார்கள்? ரப்பர் தண்ணீரைவிட லேசு. ரப்பர் அதிகமுள்ள பாலில் மிதவை ஆழமாக இறங்கும், தண்ணீர் கலந்த பாலில் மேலே நிற்கும். தராசு சொல்லாததை மிதவை சொல்லிவிடும். உங்கள் தாத்தாக்களுக்குத் தெரிந்த பாடம் இது.

எடையைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பட்டையின் கொக்கி ஒரே கையால், ஒரே இழுப்பில் கழன்று விழ வேண்டும். மேலே மிதக்க முடியாமல் தவிக்கும் நேரத்தில் ஈயத்தை உதறிவிடுவதுதான் உயிர்ப்பிடி. டின்னில் கம்பி கோத்து நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்ட சிமெண்டை அந்த நேரத்தில் எப்படி உதறுவீர்கள்? வீட்டில் செய்ய ஆசையென்றால் இதைச் செய்யுங்கள்: மீன்பிடிச் சாமான் கடையில் மலாயில் "பாத்து லாடுங்" என்று சொல்லி விற்கும் ஈயக்குண்டுகளை எடை போட்டு வாங்குங்கள். பழைய ஜீன்ஸ் துணியில் இரட்டைத் தையல் போட்டு, ஒரு கிலோ கொள்ளும் பைகளாகத் தையுங்கள். பட்டை நுழைய ஒரு வளையம் வையுங்கள். தண்ணீர் உள்ளே புகுந்து வெளியே வரட்டும், காற்றுதான் நிற்கக்கூடாது. ஆனால் பட்டையும் கொக்கியும் மட்டும் முக்குளிப்புக் கடையில் வாங்கியதாகவே இருக்கட்டும். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். முதல் முறை கட்டும்போது பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஈயத்தைத் தொட்ட கையோடு நாசி லெமாக் சாப்பிடாதீர்கள்.

இன்னொன்று. உருளையில் உள்ள காற்றுக்கும் எடை உண்டு. பரவலாகப் புழங்கும் அலுமினிய உருளை, காற்று தீரத் தீர இரண்டு கிலோவுக்கு மேல் லேசாகி, கடைசியில் தானே மிதக்கப் பார்க்கும். கீழே போகும்போது சரியாக இருந்த எடை திரும்பி வரும்போது பற்றாமல் போவது இதனால்தான். ஆளுக்கு 4 கிலோ என்று ஐந்து பேருக்கும் ஒரே கணக்குப் போட்டது யார்? உங்களில் ஒல்லியானவரும் தொப்பைக்காரரும் ஒரே எடையில் மூழ்க மாட்டார்கள்.

கேள்வி: நீச்சல் குளத்தில் மூச்சுப் பிடித்துப் பழக, ஒன்றரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி எடையாகக் கட்டிக்கொள்ளலாமா? – ஈஜோக்

பதில்: தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை கிடையாது. அப்புறம், தனியாக மூச்சுப் பிடித்துப் பழகாதீர்கள், எடை கட்டியும் சரி, கட்டாமலும் சரி.

கேள்வி: என் மகன் டயர் கடையில் கழற்றிப் போடும் சக்கர எடைகளை ஒரு வாளி நிறையக் கொண்டு வந்திருக்கிறான். பின்கட்டில் என்னுடைய பழைய குவாலிச் சட்டியில் உருக்கி, முக்குளிக்கும் கட்டி வார்க்கப் போகிறானாம். வீட்டில் ஒன்றரை வயதுப் பேரப்பிள்ளை இருக்கிறது. நான் பயப்படுவது சரிதானா? – ஓர் அம்மா, கோல சிலாங்கூர்

பதில்: சரிதான் அம்மா. இந்தப் பக்கத்தை அவன் கையில் கொடுங்கள்.

தம்பி, ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், கேஸ் அடுப்பே போதும். சுலபம் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தால் போதும், அது நொடியில் ஆவியாகிக் கொதிக்கும் ஈயத்தை முகத்தில் வாரி அடிக்கும். டயர் கடை வாளியில் இருப்பதெல்லாம் ஈயமும் இல்லை. துத்தநாகமும் இரும்பும் கலந்து கிடக்கும், மேலே பெயிண்டும் கிரீஸும் வேறு. அத்தனையும் புகையும். புகை போனாலும் தூசு போகாது. உன் சட்டையில், கைப்பிடியில், தரையில் உட்கார்ந்திருக்கும். தரையில் தவழ்கிற பிள்ளை விரலை வாயில் வைக்கும். வயிற்றுக்குள் போன ஈயத்தைச் சிறு பிள்ளையின் உடம்பு பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. பழைய கார் பேட்டரியை உடைத்து எடுப்பதாக ஏதாவது திட்டம் இருந்தால் அதையும் இப்போதே விட்டுவிடு, அதில் அமிலம் வேறு.

"பாட்டி ஈயச்சொம்பில்தானே ரசம் வைத்தார்கள்" என்று அவன் வாதாடுவான். அது வெள்ளீயம். நம் ஊர் லம்பத்தில், அதாவது ஈயச் சுரங்கத்தில், கப்பல் போட்டுத் தோண்டியதும் அதுதான். இவன் உருக்கப் பார்ப்பது காரீயம். தமிழில் இரண்டையும் ஈயம் என்று சொல்லிவிடுகிறோம், உடம்பு அப்படி எடுத்துக்கொள்ளாது. அந்தக் குவாலியில் ஒரு தடவை காரீயம் உருகியிருந்தாலும் இனி அதில் சமைக்க வேண்டாம் அம்மா.

கேள்வி: இயங்கலையில் "அசல் ஈயம், 2 கிலோ" என்று போட்டிருந்த கட்டிகள் நான்கு வாங்கினேன். வீட்டுத் தராசில் ஒவ்வொன்றும் 1.6 கிலோதான். கறுப்புப் பூச்சைச் சுரண்டினால் துரு தெரிகிறது. கேட்டதற்கு "தண்ணீரில் எடை கூடும்" என்று பதில் அனுப்பினார்கள். – ஓர் ஆசிரியை, ரவாங்

பதில்: தண்ணீரில் எடை கூடுமாம்! டீச்சர், உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. விற்றவனுக்கு அறிவியலும் தெரியவில்லை, வெட்கமும் இல்லை.

எனக்கு இந்த எடைத் திருட்டு என்றாலே இரத்தம் கொதிக்கும். என் அப்பா ரப்பர் பால் வாளியைத் தூக்கி வைத்து நிறுத்த காலத்தில் தராசுக் கோலைப் படிப்பது தோட்டத்துக் கணக்கரான கிராணியின் கண். அரை ராத்தல், கால் ராத்தல் என்று ஏதோ ஒன்று தினமும் குறையும். கேட்டால், "வாளி எடை" என்பார்கள். வாளியை மட்டும் தனியாக நிறுத்துக் காட்டச் சொன்ன ஒருவருக்கு அடுத்த மாதம் மரம் சீவ மேட்டுக்காட்டு நிரை கொடுத்தார்கள். அந்த வழக்கம் தோட்டத்தோடு போய்விட்டது என்று நினைக்கிறீர்களா? மீன் கடையில் ஐஸோடு சேர்த்து நிறுக்கிறான். பழக்கடையில் தராசின் முகத்தை அவன் பக்கமே திருப்பி வைத்திருக்கிறான். நாம் தலையை நீட்டிப் பார்க்கக் கூச்சப்படுகிறோம். எடைகள் அளவைகள் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. தராசைச் சரிபார்த்த முத்திரை எங்கே என்று கேட்க யாருக்கும் உரிமை உண்டு. நான் கேட்பேன். இந்த ஊர்ச் சந்தையில் என்னைக் கண்டாலே இரண்டு கடைக்காரர்கள் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள், அழித்துவிடுவார்கள். தராசில் கட்டி இருக்கும் படம், துருப்பிடித்த படம், அந்த அருமையான பதில், பணம் கட்டிய ரசீது எல்லாம் சேரட்டும். சொன்ன வர்ணனைக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்று 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் ஒரு கெடு கொடுங்கள். அசையவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரைக்கும் கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. நான்கு கட்டிக்காக யார் அலைவது என்று மட்டும் நினைக்காதீர்கள். மனு எழுத உதவி வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், இதை நான் ஆசையோடு செய்வேன்.

கேள்வி: "30 மீட்டர்" என்று போட்டிருக்கும் கைக்கடிகாரம் 18 மீட்டர் ஆழத்துக்குத் தாங்கும்தானே? – பெயரில்லை

பதில்: தாங்காது. அது கை கழுவவும் மழையில் நனையவும் மட்டுமே. முக்குளிப்புக் கடிகாரம் என்றால் குறைந்தது 100 மீட்டருக்குச் சோதித்திருக்க வேண்டும். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் 35 ரிங்கிட்டுக்கு "50 மீட்டர்" ஒன்று வாங்கி, வாளியில் துணி அலசியபோதே அதற்குள் குளம் கட்டிப் பார்த்தவன் சொல்கிறேன். முள் இன்னும் நாலரையில் நிற்கிறது.

கேள்வி: மூச்சு விடும் கருவி ஒன்று பழையது, 150 ரிங்கிட்டுக்கு வாங்கிவிட்டேன். எத்தனை வருடமாகச் சர்வீஸ் செய்யவில்லை என்று விற்றவருக்கே தெரியாதாம். ஈயத்தையும் பழையதாகவே தேடுகிறேன். எங்கே கிடைக்கும்? – பாத்தாங் காலி

பதில்: ஈயம் பழையதாக இருந்தால் ஒன்றும் கெடாது. நீங்கள் யோசிக்காமல் வாங்கியது மற்றதை. மோட்டாருக்கு எண்ணெய் மாற்றாமல் ஒரு மாதம் ஓட்ட மாட்டீர்கள், மூச்சுக்கு மட்டும் 150 ரிங்கிட்டா? சர்வீஸ் செய்பவரிடம் கொடுத்துப் பாருங்கள். "வேண்டாம்" என்று அவர் சொன்னால் பேரம் பேசாமல் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: தீவுக்குப் போக வசதியில்லை. நம் ஊர் லம்பக் குளத்தில் பழகினால் என்ன? உப்பில்லாத தண்ணீருக்கு எடையும் குறைவாகப் போதுமாமே? – பெஸ்தாரி ஜெயா

பதில்: எடை குறைவாகப் போதும் என்பது உண்மை. குளத்தில் இறங்காதீர்கள் என்பதும் உண்மை. கரை சட்டென்று செங்குத்தாக இறங்கும், அடியில் சேறு, கண்ணுக்கு எதுவும் தெரியாது. உயிர் போன குளங்கள் அவை.

கேள்வி: உங்கள் பதில் வருவதற்குள் 16 கட்டி சிமெண்டு வார்த்துவிட்டோம். இப்போது என்ன செய்வது? – மீண்டும் புக்கிட் ரோத்தான்

பதில்: எனக்குத் தெரியும், செய்வீர்கள் என்று. நானும் ஒரு காலத்தில் பளபளப்பான பிளாஸ்டிக் உறை போட்ட கைப்பாரம் ஒரு ஜோடி வாங்கினேன். மூன்றாம் நாள் கீழே விழுந்து உடைந்தது. உள்ளே உங்கள் சரக்குதான். பாசார் மாலாமில் கூடாரம் காற்றில் பறக்காமல் காலில் கட்டப் பெயிண்டு டின் சிமெண்டைத்தான் தேடுகிறார்கள். கொக்கி வைத்து வார்த்திருந்தால் ஓட்டிவிடலாம். எனக்கு நாலு வேண்டும், வீட்டு முன்னால் போட்ட பந்தல் ஆடுகிறது. விலையைச் சொல்லுங்கள். நிறுத்துத்தான் வாங்குவேன்.