ஏற்றத்தில் நின்றுவிடும் பழைய லாரி: பம்பைக் கழற்றும் முன்

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பா விட்டுச்சென்ற ஆறு ஏக்கர் செம்பனை இருக்கிறது. குலைகளை எடைநிலையத்துக்குக் கொண்டுபோக ஒரு பழைய டீசல் லாரி வைத்திருக்கிறேன், வயது 28. முதல் நடை நன்றாகப் போகிறது. இரண்டாம் நடையில் பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது எஞ்சின் நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. பட்டறையில் ஒருநாளும் நின்றதில்லை. பேட்டரியை மாற்றியாயிற்று, டீசல் ஃபில்டரை இரண்டுமுறை மாற்றியாயிற்று. இப்போது இன்ஜெக்‌ஷன் பம்பைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தம்பி, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் அந்தப் பம்பில் இப்போதைக்குக் கைவைக்காதீர்கள். இந்த மாதிரிப் புகாரில் பம்ப் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள். செலவும் அதற்குத்தான் அதிகம்.

பேட்டரியை மாற்றச் சொன்னவர் என்ன நினைத்துச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. ஒருமுறை ஓடத் தொடங்கிய பழைய டீசல் எஞ்சினுக்கு பேட்டரியின் தயவு பெரிதாகத் தேவையில்லை. கணினி இல்லாத அந்தக் காலத்து எஞ்சினுக்கு வேண்டியவை மூன்றுதான்: காற்று, தடையில்லாத டீசல், பம்பின் மேல் இருக்கும் சொலினாய்டுக்கு (மின்சாரம் வந்தால் டீசலுக்கு வழி திறக்கும் வால்வு) ஒரே ஒரு கம்பியில் மின்சாரம். அந்தக் கம்பியில் மின்சாரம் அறுந்தால் சொலினாய்ட் டீசலை மூடிவிடும். நீங்கள் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தும்போதும் நடப்பது இதுவேதான். (குழாய்கள் பின்பக்கம் வட்டமாகப் புறப்படும் உருளைப் பம்ப் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். குழாய்கள் ஒரே வரிசையில் நிற்கும் பம்பாக இருந்தால், பெரும்பாலும் நிறுத்தும் முறையே வேறு. சொலினாய்ட் பற்றிச் சொல்வதை விட்டுவிடுங்கள்.)

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றுதான் எனக்கு முக்கியம். எஞ்சின் எப்படி நிற்கிறது? விளக்கை அணைத்ததுபோல் சட்டென்றா, அல்லது இழுவை குறைந்து, இருமி, தள்ளாடி நிற்கிறதா? சட்டென்று நின்றால் மின்கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். தள்ளாடி நின்றால் டீசல் வந்துசேரவில்லை என்று பொருள். பாரம், ஏற்றம், பத்து நிமிட ஓய்வில் சரியாவது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், டேங்குக்கும் ஃபில்டருக்கும் இடையில் எங்கோ டீசல் மாட்டிக்கொள்கிறது என்பதே என் கணிப்பு. ஃபில்டரை இரண்டுமுறை மாற்றியும் தீராததற்குக் காரணமும் அதுதான்: அடைப்பு ஃபில்டருக்கு முன்னால் இருக்கிறது.

ஒரு தோட்டப் பட்டறையில் நான் வேலை செய்த காலத்தில், இதே நோயோடு ஒரு ரப்பர்பால் லாரி வந்தது. அதற்கு ஏற்கெனவே பம்பை மாற்றியிருந்தார்கள். டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு சாக்குத் துண்டு விழுந்தது. மூடி தொலைந்துபோன நாட்களில் யாரோ சாக்கை அடைத்து ஓட்டியிருக்கிறார்கள். அதில் கிழிந்த துண்டு உள்ளே போய்விட்டது. எஞ்சின் வேகமாக உறிஞ்சும்போது துண்டு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றால் உறிஞ்சல் விட்டுப்போகும், துண்டு மிதந்து விலகும். பத்து நிமிடத்தில் லாரி நல்ல பிள்ளையாகிவிடும். உங்கள் டேங்கில் சாக்கு இருக்க வேண்டியதில்லை. 28 ஆண்டுத் துருவும் சேறும் போதும்.

இங்கே நம் மலேசிய டீசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 பிப்ரவரியிலிருந்து போக்குவரத்துக்கான டீசலில் 10 விழுக்காடு பயோடீசல் கலப்பது கட்டாயமானது. அது செம்பனை எண்ணெயிலிருந்து வருவது. குலை ஏற்றிப்போகிற லாரி அந்தக் குலையின் எண்ணெயையே குடித்துக்கொண்டு போகிறது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, புது லாரிகளுக்குத் தொல்லையும் இல்லை. ஆனால் பயோடீசலுக்குப் பழைய அழுக்கைக் கரைத்து இளக்கும் குணம் உண்டு. சாதாரண டீசலைவிடத் தண்ணீரையும் அதிகம் இழுத்துக்கொள்ளும். பழைய ரப்பர் குழாய்களை உள்ளுக்குள்ளே ஊறி உப்ப வைக்கும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும் குழாய், உள்தோல் பிய்ந்து உறிஞ்சும்போது மடங்கி அடைத்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, விலை. 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியதிலிருந்து, ஐம்பது ரிங்கிட்டுக்கும் அறுபது ரிங்கிட்டுக்கும் ஊற்றி ஓட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அடியில் கொஞ்சமே டீசல் இருந்தால், ஏற்றத்தில் அது பின்பக்கம் ஓடிவிடும். உறிஞ்சுகுழாய் முன்பக்கம் இருந்தால் காற்றைத்தான் குடிக்கும். பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் தண்ணீரும் வேர்க்கும். ஆகவே முதல் சோதனைக்குக் காசு அதிகம் வேண்டாம்: ஒரு வாரம் முக்கால் டேங்குக்குக் குறையாமல் ஓட்டிப் பாருங்கள்.

அப்போதும் நின்றால், நின்ற இடத்திலேயே, பத்து நிமிடம் கடப்பதற்குள் பார்க்க வேண்டியவை உண்டு. லாரி வாய் திறப்பது அந்த நேரத்தில் மட்டும்தான். முதலில் டேங்க் மூடியை மெல்லத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் பலமாகக் கேட்டால் மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்திச் சுத்தம் செய்தால் தீர்ந்தது. இவ்வளவு சின்னக் காரணமா என்று சிரிக்காதீர்கள். செம்மண் பாதையில் ஓடும் லாரியில் அந்தத் துளை திறந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அடுத்து, ஃபில்டரின் தலையில் உள்ள கைப்பம்பை அழுத்துங்கள். அழுத்திய இடத்திலேயே ஒட்டிக்கொண்டு மேலே எழ மறுத்தால், பின்னால் டேங்க் பக்கம் அடைப்பு. துள்ளி எழுகிறது, ஆனால் இருபது முப்பது முறை அடித்தும் இறுகவில்லை என்றால் எங்கோ காற்று நுழைகிறது. குழாய் இணைப்புகளையும் கிளிப்புகளையும் பாருங்கள். டீசல் வெளியே சொட்டாத இடத்திலும் காற்று உள்ளே போகும். நாலைந்து அடியில் கல்லாக இறுகினால் டீசல் ஒழுங்காக வருகிறது. கவனத்தை மின்கம்பிக்குத் திருப்புங்கள்.

மின்கம்பிக்கு நான் செய்யும் வித்தை ஒரு சிறு பல்ப். லாரி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்த்து அதற்கேற்ற பல்பை வாங்குங்கள். சொலினாய்டுக்கு வரும் கம்பியிலிருந்து ஒரு கிளைக்கம்பி எடுத்து, இடையில் ஒரு ஃபியூஸ் வைத்து, ஓட்டுநர் இருக்கைவரை கொண்டுவந்து பல்பின் ஒரு முனையில் கட்டுங்கள். மறுமுனையை லாரியின் இரும்போடு சேர்த்து இறுக்குங்கள். பல்ப் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். எஞ்சின் நிற்கும் நொடியில், சாவி திறந்தே இருக்கும்போது பல்பும் அணைந்தால் சாவிக்கூடு, ஃபியூஸ், கம்பி இவற்றில் ஒன்று குற்றவாளி. சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, கேட் சாவி எல்லாம் தொங்குகிறதா? அதைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். தேய்ந்த சாவிக்கூட்டை அந்தப் பாரமே அசைத்துவிடும். பல்ப் எரிந்துகொண்டே எஞ்சின் சட்டென்று நின்றால், சூட்டில் சொலினாய்டே கைவிடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலான சோதனை ஒன்று இருக்கிறது. பத்து லிட்டர் தோம்பில் சுத்தமான டீசல் எடுத்துப் பம்பைவிட உயரமான இடத்தில், எஞ்சின் சூடு படாமல் இறுகக் கட்டுங்கள். பம்பிலிருந்து டேங்குக்குத் திரும்பும் குழாயைத் தொடவேண்டாம். ஃபில்டருக்குள் வரும் குழாயை மட்டும் கழற்றிப் புதுக் குழாயால் தோம்போடு இணைத்து, அதே பாரத்தோடு அதே ஏற்றத்தில் ஏறுங்கள். நிற்கவில்லையென்றால் குற்றம் டேங்க், உள்வலை, குழாய் இவற்றில்தான். டேங்கை இறக்கிக் கழுவி, குழாயைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். தோம்பு டீசலிலும் தள்ளாடி நின்று, சூடாக இருக்கும்வரை கிளம்ப மறுத்து, பம்பின்மேல் ஈரச் சாக்கைப் போட்டுக் குளிரவைத்தவுடன் கிளம்பினால், பம்ப் உள்ளே தேய்ந்திருக்கிறது. அப்போது பட்டறைக்காரர் சொன்னது சரி. சூடான பம்பில் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், உள்ளே இறுகிப்போகலாம்.

சோதனை முடியும்வரை பாரத்தைப் பாதியாகக் குறையுங்கள். எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குமேல் தாங்காது, பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் கல்லாகிவிடும். மிதித்து மிதித்து விடாதீர்கள்; ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். அந்தக் கட்டைகள் இரண்டும் இன்றைக்கே லாரியில் ஏறட்டும். குலைக்கு அடியில் அல்ல, கை எட்டும் இடத்தில்.