தளம் கட்டியாயிற்று, ஆட்கள் எங்கே? – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் கடலூர் முதுநகரில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். துறைமுகத்துக்கு வரும் படகுகளின் பெயர்களைப் போட்டோ எடுத்து, அந்தப் பெயர் எப்படி வந்தது என்று படகுக்காரர்களிடம் கேட்டு, ஒரு இணையதளமாகக் கட்டி வருகிறேன். இணையப் பக்கம் எழுதும் எச்டிஎம்எல் மொழியை நானே கற்றுக்கொண்டு எல்லாவற்றையும் கையால் எழுதினேன். இதுவரை 143 படகுகள் சேர்ந்திருக்கின்றன. ஏழு மாதமாகியும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. "இதையே ரீல்ஸாகப் போடு, லைக் வரும்" என்கிறார்கள் நண்பர்கள். போட்டேன், வந்தது. ஆனால் ஒருவர்கூட ஒரு படகைப் பற்றியும் கேட்கவில்லை. என்னைப் போல ஆசைக்காக மட்டும் தளம் கட்டுகிறவர்கள் எங்காவது கூடுகிறார்களா? அப்படியே இருந்தாலும் எல்லாம் ஆங்கிலம்தானா? தமிழில் யாராவது உண்டா?

க., கடலூர் முதுநகர்

அன்புள்ள தம்பி க.,

கடிதம் வந்த இரவே உங்கள் தளத்தைத் திறந்தேன். மணி பன்னிரண்டு ஆனது தெரியவில்லை. அந்த 87ஆவது படகைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை பெயிண்ட் மேல் வெள்ளையில் 'ஸ்ரீ முத்தாலம்மன் துணை'. உற்றுப் பார்த்தால் அடியில் பழைய பெயர் மேடு தட்டித் தெரிகிறது: 'வெண்ணிலா'. படகை வாங்கியவர் பெயரை மாற்றிவிட்டார், ஓரத்தில் வரைந்திருந்த மஞ்சள் பிறையை மட்டும் அழிக்க மனசு வராமல் விட்டுவிட்டார் என்று மூன்றே வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று வரியைப் படிக்க ஆள் வர வேண்டும் என்ற ஆசை இப்போது எனக்கும் வந்துவிட்டது.

உடனே இரண்டு வார்த்தை பாராட்டி எழுதலாம் என்று தளத்தில் மெயில் முகவரி தேடினேன். இல்லை. வந்தவர்கள் நான்கு வரி எழுதிவிட்டுப் போக விருந்தினர் ஏடு இல்லை. வேறு ஒரு தளத்துக்கான இணைப்பும் இல்லை. நீங்கள் எனக்கு எழுதியதால் உங்கள் முகவரி என்னிடம் இருக்கிறது. எங்கிருந்தோ தற்செயலாக வந்து வெண்ணிலாவைப் பார்த்து மனம் நெகிழ்ந்த ஒருவர் என்ன செய்வார்? பேசாமல் திரும்பிப் போவார். வீடு அழகாகக் கட்டியிருக்கிறீர்கள், திண்ணை வைக்கவில்லை. ஆட்களைத் தேடிப் போகும் முன் அதை முதலில் வையுங்கள். இதற்கென்று தனியாக ஒரு மெயில் முகவரி தொடங்கி எல்லாப் பக்கத்தின் அடியிலும் போடுங்கள். வீட்டு விலாசம், போன் நம்பர் எதுவும் வேண்டாம்.

ஜியோசிட்டீஸ் காலத்தில் இந்தக் கவலை குறைவாக இருந்தது. 1994இல் தொடங்கிய அந்தச் சேவையில் இலவசமாகத் தளம் கேட்டால், முதலில் ஒரு பேட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சினிமாப் பிரியர்களுக்கு ஹாலிவுட், கணினிக்காரர்களுக்கு சிலிக்கான் வேலி. அதற்குள் ஒரு கதவு எண் கிடைக்கும். உங்களுக்கு அடுத்த எண்ணில் இருப்பவரும் உங்கள் ஆசை உள்ளவராகவே இருப்பார். 1999இல் யாகூ அதை வாங்கியது, 2009 அக்டோபரில் மூடியது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர்கள் முடிந்தவரை பிரதி எடுத்து வைத்ததால் கொஞ்சமாவது மிஞ்சியது.

எனக்கும் ஒரு இழப்பு உண்டு. புதுச்சேரியின் நீல எனாமல் வீதிப் பலகைகளை, மேலே பிரெஞ்சு, கீழே தமிழ் என்று இருக்குமே, அவற்றைப் பற்றி 2003இல் வேறொரு இலவச இடத்தில் நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்தேன். கடையை மூடப்போகிறோம் என்ற அறிவிப்பு நான் திறந்தே பார்க்காத ஒரு மெயிலுக்குப் போனது. எல்லாம் போயிற்று. ஆறு பக்கங்கள் மட்டும் திரும்பக் கிடைத்தன. காரைக்காலில் ஒருவர் தன் தளத்தில் எனக்கு இணைப்பு கொடுத்திருந்தார்; பிடித்த பக்கங்களைத் தன் கணினியில் சேமித்தும் வைத்திருந்தார். பலகைகளில் இரண்டு இன்று அந்தச் சுவர்களிலேயே இல்லை. நீங்கள் தேடும் கூட்டம் பாராட்டுக்கு மட்டும் அல்ல என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். உங்கள் 143 படகுகளையும் உங்களைத் தவிர இன்னும் நான்கு பேராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சரி, இடங்களுக்கு வருகிறேன்.

முதலில் நியோசிட்டீஸ் போங்கள். ஜியோசிட்டீஸின் நினைவில் 2013இல் கைல் டிரேக் என்பவர் தொடங்கிய சேவை அது. இலவசக் கணக்கிலேயே 1 ஜிபி இடம். நீங்கள் கையால் எழுதிய கோப்புகளை அப்படியே ஏற்றலாம். நான் அதைச் சொல்வது இடத்துக்காக அல்ல. அங்கே ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சுயவிவரப் பக்கம் உண்டு, அதில் மற்றவர்கள் எழுதலாம். ஒருவரைப் பின்தொடர்ந்தால் அவர் தளத்தைப் புதுப்பிக்கும்போது உங்களுக்குத் தெரியும். குறிச்சொல் போட்டுத் தேடினால் புகைப்படம், கப்பல், ஊர் வரலாறு என்று உங்கள் ஆசைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் வருவார்கள்.

அங்கே போனதும் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். நூறு பேர் பக்கத்தில் "நல்ல தளம், என் தளத்தையும் பாருங்கள்" என்று எழுதிவிட்டு வருகிறார்கள். அதற்குப் பதில் வராது. நாளுக்கு ஒரு தளம் போதும், ஆனால் முழுசாகப் படியுங்கள். தன் ஊர்ப் பாதாளச் சாக்கடை மூடிகளைப் படம் எடுக்கும் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நான் முதலில் எழுதியது ஒரே கேள்வி: "மூன்றாவது மூடியின் நடுவில் இருக்கும் மீன் உங்கள் ஊர்ச் சின்னமா?" ஒன்பது நாள் கழித்து, அந்த மீனின் கதையோடு நீளமான பதில் வந்தது. கடைசியில், "நீங்கள் என்ன சேகரிக்கிறீர்கள்?" என்று அவரே கேட்டார். இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். படகுக்காரர்களிடம் நீங்கள் பேச்சுக் கொடுப்பதும் இப்படித்தானே? போனவுடன் நோட்டை நீட்டுவீர்களா? வலை எப்படி, பாடு எப்படி என்று கேட்டுவிட்டுத்தானே பெயருக்கு வருவீர்கள்?

நியோசிட்டீஸில் பழகியபின், மெலன்லேண்ட், 32 பிட் கஃபே என்ற இரண்டு குழுக்களையும் பாருங்கள். இரண்டும் தனித் தளம் கட்டுகிறவர்களுக்காகவே இருப்பவை. சந்தேகம் கேட்கலாம், கட்டிக்கொண்டிருப்பதைக் காட்டலாம். 32 பிட் கஃபேயில் அவ்வப்போது ஒரு தலைப்பு கொடுத்து எல்லாரும் பக்கம் செய்து பகிர்வார்கள். புதிதாக வந்தவருக்கு அதைவிட நல்ல வாசல் இல்லை. அவரவர் சொந்தத் தளத்திலேயே எழுத வேண்டும் என்னும் இண்டிவெப் என்ற இயக்கம் 2011இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் நடந்த ஒரு முகாமில் தொடங்கியது. அங்கே பேச்சு தொழில்நுட்பத்தின் பக்கம் சாயும், முதல் நாளே போனால் மிரட்சியாக இருக்கும். ஆனால் அவர்கள் சொல்லும் ஒரு வழக்கம் உங்களுக்கு இன்றைக்கே பயன்படும்: எதையும் முதலில் சொந்தத் தளத்தில் போடு, பிறகு அதன் பிரதியை மற்ற இடங்களில் போடு. ஆக, ரீல்ஸை நிறுத்த வேண்டியதில்லை. வெண்ணிலா ரீல்ஸின் அடியில் வெண்ணிலா பக்கத்தின் முகவரி இருக்கட்டும்.

வலை வளையம் என்று ஒன்று உண்டு. 1990களின் நடுவில் சேஜ் வைல் என்ற இளைஞர் பரவச் செய்த ஏற்பாடு அது. ஒரே ஆசை உள்ள தளங்கள் ஒரு பட்டியலில் சேரும். ஒவ்வொன்றின் அடியிலும் 'முந்தையது', 'அடுத்தது' என்று இரண்டு இணைப்புகள் இருக்கும். அடுத்தது, அடுத்தது என்று தட்டிக்கொண்டே போனால் எல்லா வீட்டுக்கும் போய்விட்டுக் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம். நடுவில் ஒரு தளம் செத்துப்போனால் சங்கிலி அறுந்துவிடும் என்பதால், பட்டியலைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். இன்றும் நிறைய வளையங்கள் ஓடுகின்றன. தேடுபொறியில் நூறாவது பக்கத்தில் கிடப்பவரும் ஒரு வளையத்தில் சேர்ந்துவிட்டால் யாருக்கோ 'அடுத்தது' ஆகிவிடுகிறார்.

ஆங்கிலம் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், நான் சொன்ன இடங்களில் பெரும்பாலும் ஆங்கிலம்தான். அதற்காகத் தளத்தை ஆங்கிலமாக்கிவிடாதீர்கள். முகப்பில் நான்கு வரி, ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு வரி ஆங்கிலத்தில் இருந்தால் போதும். பிறை நிலாவை யாரும் மொழிபெயர்க்க வேண்டாம். ஆனால் ஒன்றைக் கண்டிப்பாக மாற்றுங்கள். எழுத்துரு சரியாகத் தெரியாது என்று பயந்து தலைப்புகளை எல்லாம் படமாகச் செய்து போட்டிருக்கிறீர்கள். இன்றைய போன் எல்லாவற்றிலும் யூனிகோடு தமிழ் நன்றாகவே தெரியும். படமாக இருக்கும் எழுத்தைத் தேடுபொறி எடுப்பதில்லை, பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் படிப்பதில்லை. தமிழ் தெரியாதவர் உலாவியில் மொழிபெயர்த்துப் பார்த்தாலும் தலைப்பு மாறாது. படகின் பெயர்தானே அந்தப் பக்கத்தின் உயிர்? அது எழுத்தாகவே இருக்கட்டும்.

போட்டோக்களும் போனில் எடுத்தபடியே, ஒவ்வொன்றும் 4 எம்பி அளவில் இருக்கின்றன. அகலத்தை ஆயிரம் பிக்சலுக்குக் குறைத்தால் 200 கேபிக்குள் அடங்கிவிடும். இணையப் பக்கத்தில் யூனிகோடு தமிழின் ஒவ்வொரு குறிக்கும் (க, ா, ் போல) பொதுவாக 3 பைட் ஆகும். அப்படியும் ஆயிரம் வார்த்தைக் கட்டுரை சுமார் 30 கேபிதான். பாரம் முழுக்கப் படத்தில் இருக்கிறது. பக்கத்தின் மொத்த எடை 512 கேபிக்குள் இருக்கும் தளங்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் 512கேபி கிளப் என்ற பட்டியல்கூட ஒன்று உண்டு. முகப்பை இளைக்க வைத்தால் அங்கேயும் விண்ணப்பிக்கலாம். அப்புறம் ஆர்எஸ்எஸ் ஓடை ஒன்று வைத்துவிடுங்கள். 144ஆவது படகு வந்ததும், அந்த ஓடையைப் பின்தொடர்கிறவருக்குத் தானாகத் தெரியும்.

இனி தமிழ். எங்கள் தலைமுறைக்குக் கூடும் இடம் ஒன்று இருந்தது: பலருடைய வலைப்பதிவுகளை ஒரே பக்கத்தில் காட்டும் திரட்டி. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணத்தைக் காலையில் திறந்தால், முந்தின இரவு யார் என்ன எழுதினார்கள், எந்தப் பதிவுக்கு மறுமொழி வந்திருக்கிறது என்று வரிசையாகத் தெரியும். வாரம் ஒருவரை நட்சத்திரமாக முன்னால் வைப்பார்கள். முந்தாநாள் எழுத ஆரம்பித்தவருக்கும் பத்துப் பேர் வாசகர்கள் கிடைத்துவிடுவார்கள். 2007 டிசம்பரில் இங்கே புதுச்சேரியில், புதுவை வலைப்பதிவர் சிறகம் பயிலரங்கு நடத்தியபோது, திரையில் மட்டும் தெரிந்த பெயர்களை நேரில் பார்த்த சந்தோஷம் இன்னும் மனசில் இருக்கிறது. பிறகு பேஸ்புக் வந்தது, எல்லாரும் அங்கே போனார்கள். போனவர்களில் பாதிப் பேருடைய பழைய பதிவுகளை இன்று தேடினாலும் கிடைப்பதில்லை. எனக்கு அதில் தீராத வருத்தம்.

கையால் தளம் கட்டுகிறவர்களுக்கென்று தமிழில் ஒரு வளையம் இருப்பதாக நான் பார்த்ததில்லை. அதனால் நாமே தொடங்குவோம். உங்கள் படகுகள், என் வீதிப் பலகைகள், காரைக்கால் நண்பர் சேர்க்கும் பழைய நாட்காட்டித் தாள்கள். மூன்று தளம் போதும், வளையம் சுற்றும். பட்டியலை நான் பார்த்துக்கொள்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் சொந்தத் தளம் வைத்திருப்பவர்கள், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், எழுதுங்கள். ரேஷன் கடைப் பலகை, வேப்பமரம், பஸ் டிக்கெட், எதுவானாலும் சரி.

நேரில் ஆட்களைப் பார்க்க வேண்டுமென்றால் விழுப்புரத்தில் க்னு/லினக்ஸ் என்ற, யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய கணினி இயங்குதளத்தின் பயனர் குழு இருக்கிறது, புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது. இரண்டும் தளம் கட்டுகிறவர்களுக்கென்றே உள்ளவை அல்ல. ஆனால் கையால் எச்டிஎம்எல் எழுதினேன் என்றால் "எதற்கு?" என்று கேட்காத ஆட்கள் அங்கே கிடைப்பார்கள். முதுநகர் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் விழுப்புரம் ஒன்றும் தூரமில்லை. பெங்களூரில் இண்டிவெப் கிளப் என்று ஒரு குழு கூடுகிறது. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் பாருங்கள்.

இன்று காலை என் இணைப்புப் பக்கத்தில் வெண்ணிலாவுக்கு ஒரு வரி சேர்த்துவிட்டேன். உங்கள் தளம் முழுவதையும் என் கணினியில் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டாமென்றால் சொல்லுங்கள், அழித்துவிடுகிறேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். 31ஆவது படகிலும் 112ஆவது படகிலும் அதே மஞ்சள் பிறை இருக்கிறது, அதே சாய்வு, உள்பக்கம் அதே சிறு வளைவு. ஒரே கை வரைந்ததாகத்தான் தோன்றுகிறது. அந்தப் பெயிண்டர் முதுநகரிலேயே இருக்கிறாரா என்று விசாரித்து எழுதுகிறீர்களா?

அன்புடன்,
அக்கா