நுகர்பொருள் தயாரிப்பவர்களை, பொருளைத் தூக்கிப் போடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சுழற்சிப் பொருளாதாரத்துக்குக் கொண்டுவர எங்கிருந்து தொடங்க வேண்டும்?

காலியாகத் திரும்பும் வண்டியிலிருந்து தொடங்குங்க. மறுசுழற்சி மிஷின், அறிக்கை எல்லாம் அப்புறம்.

கிருஷ்ணகிரியில் பினாயிலும் தரை துடைக்கும் திரவமும் தயாரிக்கும் சின்ன யூனிட் ஒன்றில் கொள்முதல், டெலிவரி இரண்டும் என் தலையில். எங்க குட்டியானை வாரம் இருமுறை காவேரிப்பட்டணம், பாலக்கோடு, தருமபுரி என்று சுற்றும். போகும்போது மண்டபங்களுக்கும் லாட்ஜுகளுக்கும் ஐந்து லிட்டர் கேன்கள். வரும்போது வெறும் காற்று. டீசல் என்னவோ இரண்டு பக்கமும் எரியும். கேனுக்கு 30 ரூபாய் டெபாசிட் வைத்து, காலி கேனைத் திருப்பி ஏற்ற ஆரம்பித்தோம். கோலி சோடாக்காரர் காலங்காலமாகச் செய்வதுதானே!

முதல் மாதமே சொதப்பல். திரும்பி வந்த கேன் ஒன்றில் யாரோ டீசல் ஊற்றி வைத்திருந்திருக்கிறார்கள். கேன் செய்யும் எச்டிபிஇ பிளாஸ்டிக் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும், சோப்புத் தண்ணீரில் எத்தனை தடவை அலசினாலும் போகாது. அது தெரியாமல் எலுமிச்சை வாசத் திரவத்தை நிரப்பி அனுப்பிவிட்டோம். "ஏன் தம்பி, முகூர்த்த நாள் அதுவுமா மண்டபத்துல லாரி ஷெட் வாசம் அடிக்குது?" என்றார் மேனேஜர். இப்போது மூடியைத் திறந்து மோந்து பார்க்காமல் டிரைவர் அண்ணன் ஒரு கேனையும் ஏற்ற மாட்டார். பினாயில் கேனுக்குக் கறுப்பு மூடி. அதில் வேறெதுவும் நிரப்புவதில்லை. கழுவினால் கூழாகும் காகித லேபிளை விட்டுவிட்டு, பெயரைக் கேன் மேலேயே அச்சடித்தோம். பேட்ச் நம்பருக்கு மட்டும் குட்டி ஸ்டிக்கர்.

ஒரு லிட்டர் பாட்டில் விஷயத்தில் கண்ணைத் திறந்தவர் பழைய சாமான் கடைக்காரர். "இந்தப் பளபளா உறையோட எனக்கு வேணாம்" என்று ஒதுக்கிவிட்டார். பாட்டில் பெட் (PET) என்ற பிளாஸ்டிக், உறை பிவிசி என்ற வேறு பிளாஸ்டிக். நொறுக்கித் தண்ணீரில் போட்டால் மூடித் துண்டுகள் மிதக்கும், எடுத்துவிடலாம். பெட்டும் பிவிசியும் எடையில் கிட்டத்தட்ட ஒன்று, சேர்ந்தே மூழ்கும். உருக்கும்போது அந்தக் கொஞ்சம் பிவிசியே மொத்தத்தையும் பழுப்பாக்கிவிடும். ஆர்டர் கொடுக்கும் முன்பே அவரிடம் கேட்டிருந்தால் உறைக்குக் கொட்டிய காசு மிச்சம்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. பிளாஸ்டிக் கழிவு விதிகளில் 2022-இல் சேர்த்த வழிகாட்டுதல், 4.9 லிட்டரும் அதற்கு மேலும் கொள்ளும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் 2025-26க்கு 70 விழுக்காடு மறுபயன்பாடு என்று பிராண்டு உரிமையாளர்களுக்கு இலக்கு வைத்தது. சின்ன யூனிட்டுகளுக்குச் சலுகை உண்டு என்றாலும், பெரிய பிராண்டுக்கு நிரப்பிக் கொடுப்பவர்களிடம் கேள்வி வரத்தான் செய்யும்.

பாக்கி இருப்பது, பிரிக்க முடியாதபடி பல அடுக்குகள் ஒட்டிய ரீஃபில் பவுச். அதைச் சும்மா கொடுத்தாலும் அந்தக் கடைக்காரர் தொடுவதில்லை. எங்களுக்கோ விற்பனையில் அதுதான் முதலிடம்.